கியோட்டோவில் நான் கேட்கத் தவறிய கேள்வி

2024 நவம்பர் 20ஆம் தேதி, புதன்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கியோட்டோ ரயில் நிலையத்தில் தனியாக இறங்கினேன். அதற்கு முன் இரண்டு வாரம் நகோயாவில் ஒரு தொழிற்சாலைப் பயிற்சியில் இருந்தேன். அங்கே எங்கள் குழுவுக்கு உணவு ஏற்பாடு செய்ய ஆள் இருந்தார். எனக்கு இறைச்சியும் மீனும் ஆகாது என்று முதல் நாளே அவரிடம் சொன்னேன், அதோடு அந்தக் கவலை தீர்ந்துவிட்டது. மூன்று வேளையும் தட்டு தானாக வந்தது. ஜப்பானில் சைவமாக இருப்பது எளிதுதான் என்று நம்பிவிட்டேன். பயிற்சி முடிந்ததும் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, 794 முதல் 1868 வரை ஜப்பானின் தலைநகராக இருந்த ஊரைப் பார்க்கப் புறப்பட்டேன். அந்த நான்கு நாளில் முதல் இரண்டு நாள் எப்படி வீணாயின, மூன்றாம் நாள் எப்படி எல்லாம் மாறியது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். புறப்படும் முன் யாராவது ஒருவர் என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் எனக்கு ஏறத்தாழ ஏழாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும். அதைவிட, பல நாள் நெஞ்சை அறுத்த ஒரு வருத்தமும் இல்லாமல் போயிருக்கும்.

முதலில் பெட்டியின் கதை. என்னிடம் இரண்டு வாரத் துணிகள் அடைத்த பெரிய பெட்டி இருந்தது. ரயில் நிலையத்தில் காசு போட்டுப் பூட்டும் லாக்கர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அதில் வைத்துவிட்டு ஊர் சுற்றலாம் என்பது என் திட்டம். இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகள் சிவக்கும் அந்த வாரங்களில் உள்ளூர் மக்களும் வெளியூர் மக்களும் கியோட்டோவில் குவிகிறார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பெரிய பெட்டி நுழையும் லாக்கர்கள் எல்லாவற்றிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஐம்பது நிமிடம் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைந்தேன். பிறகு நகரப் பேருந்தில் ஏறப் போனேன். அங்கே பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் ஓட்டுநர் அருகே 230 யென் கட்ட வேண்டும். நடுவில் இருக்கும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பெட்டியோடு முன்னால் போவது நடக்கிற காரியம் இல்லை. வயதான ஒரு அம்மா என் பெட்டியால் ஏற முடியாமல் படியிலேயே நின்றதைப் பார்த்ததும் கூசிப்போய் நான் இறங்கிவிட்டேன். கடைசியில் டாக்சிக்கு 1,800 யென். அப்போதைய மதிப்பில் நூறு யென் சுமார் 55 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் ரூபாய்.

விடுதியில் மதியம் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள் என்று தெரியும். ஆனால் பெட்டியை மட்டும் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. அங்கே போன பிறகு, எதுவும் கேட்காமலே ஒரு துண்டுச் சீட்டைக் கட்டி உள்ளே எடுத்துப்போனார்கள். அங்கே பெரும்பாலான விடுதிகளின் வழக்கம் அது. அதைவிட நல்ல வழி ஒன்றும் உண்டு. முந்தின நாளே நகோயாவிலிருந்து பெட்டியைக் கூரியரில் அனுப்பியிருக்கலாம். தக்யூபின் என்று அந்தச் சேவையைச் சொல்கிறார்கள். பெட்டி பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும், செலவும் என் டாக்சிக் கட்டணத்தைவிட மிக அதிகமாக இருந்திருக்காது. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும் எவரும் கைப்பையோடு மட்டும் கியோட்டோவில் இறங்குங்கள். அரை நாள் மிஞ்சும்.

பசியோடு நிஷிக்கி சந்தைக்குப் போனேன். நகரின் நடுவே, மேலே கூரை போட்ட, சுமார் நானூறு மீட்டர் நீளமுள்ள குறுகலான தெரு அது. இரு பக்கமும் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள். சிறு கண்ணாடிப் பெட்டிகளில் ஊறுகாய்கள், மீன், தேநீர்த்தூள், முட்டைச் சுருள், கத்திகள். ஆனால் நான் போனது புதன்கிழமை. அங்கே சில கடைகளுக்கு அன்றுதான் வார விடுமுறை. திறந்திருந்த கடைகளும் ஐந்து மணி நெருங்கும்போது கதவுகளை இறக்கத் தொடங்கின. சந்தை என்றால் இரவு ஒன்பது வரை களைகட்டும் என்ற நம் ஊர்ப் பழக்கத்தில் நான் நிதானமாக வந்திருந்தேன். வறுத்த கஷ்கொட்டை ஒரு பொட்டலம் கிடைத்தது. அதைக் கொறித்தபடி நடக்கத் தொடங்கியபோது, நடந்துகொண்டே சாப்பிடாதீர்கள் என்று படம் போட்ட அறிவிப்பு கண்ணில் பட்டது. வாங்கிய கடையின் முன்னாலேயே நின்று சாப்பிட்டுவிட்டுக் குப்பையை அந்தக் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும். தெருவில் குப்பைத்தொட்டி கிடையாது. இந்தக் குப்பைத்தொட்டி விஷயத்துக்கு மறுபடியும் வர வேண்டியிருக்கும்.

அன்று இரவு எட்டு மணிக்கு ஒரு சிறிய ஊடோன் கடையில் நுழைந்தேன். பருத்த கோதுமை நூடுல்ஸை ஆவி பறக்கும் சாற்றில் போட்டுத் தரும் கடை. நடத்தியது நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர். கைபேசியில் மொழிபெயர்த்து, இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்து, பொரித்த டோஃபுவை மெல்லிய கீற்றுகளாக நறுக்கிப் போட்ட கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மேலே பச்சை வெங்காயத்தாள். சாறு பொன்னிறத்தில் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. நாள் முழுக்க அலைந்த உடம்புக்குள் அது இறங்கியபோது கண்ணில் நீர் வந்தது. கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். வெளியே வரும்போது மனம் நிறைய நன்றி சொன்னேன். அந்தச் சுவையை இன்றும் மறுக்க மாட்டேன்.

மறுநாள் 21ஆம் தேதி. ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி தோஜி கோயில் வளாகத்தில் பெரிய சந்தை கூடும். ஷிங்கோன் பௌத்தத்தை நிறுவிய கூக்காய் என்னும் கோபோ தாய்ஷி மறைந்தது 835ஆம் ஆண்டு மூன்றாம் மாதம் 21ஆம் நாள். அவர் நினைவாக அந்தத் தேதி. 55 மீட்டர் உயரமுள்ள ஐந்தடுக்குக் கோபுரத்தின் அடியில் பழைய கிமோனோக்கள், பீங்கான், செடிகள், பலகாரங்கள் என்று நூற்றுக்கணக்கான கடைகள். ஒரு கடையில் உலர்ந்த பொருள்களைக் குவித்து வைத்திருந்தார்கள். கருநிறக் கடற்பாசித் துண்டுகள், காய்ந்த காளான்கள், அதன் பக்கத்தில் மரச்சீவல்போல் இளஞ்சிவப்பில் ஏதோ ஒன்று. அந்தப் பக்கம் காற்று வீசியதும் நின்றுவிட்டேன். முந்தின இரவு ஊடோன் கிண்ணத்திலிருந்து எழுந்த அதே மணம். கைபேசியைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். கட்சுவோபுஷி என்றார் கடைக்காரர். சூரை இன மீன் ஒன்றைப் புகையூட்டிக் கல்போல் காயவைத்துச் சீவி எடுத்தது.

அந்த இடத்திலேயே நின்றபடி படித்துத் தெரிந்துகொண்டேன். ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளம் தாஷி என்னும் சாறு. அதைப் பெரும்பாலும் கொம்பு என்னும் கடற்பாசியையும் இந்த மீன்சீவலையும் சேர்த்தே எடுக்கிறார்கள். ஊடோன் சாறு, மிசோ சூப், வேகவைத்த காய்கறி, முட்டைச் சுருள், தொட்டுக்கொள்ளும் சோயா கலவை என்று எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது. பொரித்த டோஃபுவைக்கூடப் பல கடைகளில் இனிப்பூட்டிய தாஷியில் ஊறவைத்துப் போடுவார்கள். பிறந்தது முதல் முப்பத்தெட்டு வயது வரை தொடாத ஒன்றை ஒரு கிண்ணம் நிறையக் குடித்திருக்கிறேன். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனம்தான் ஆறவில்லை. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், அவர்களோடு எனக்கு வழக்கில்லை. எனக்கு அது என் பாட்டியிடமிருந்து வந்த ஒரு சொல்லை மீறியதுபோல் இருந்தது.

அந்தக் கடைப் பெண்மணி மீது ஒரு கணம் கோபம் வந்தது உண்மை. பிறகு யோசித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் தந்தார். கிண்ணத்தில் இறைச்சித் துண்டு இல்லை, மீன் துண்டும் இல்லை. அவர் கண்ணில் தாஷி என்பது தண்ணீர் மாதிரி, உப்பு மாதிரி. கோயிலின் ஒரு திண்ணையில் உட்கார்ந்து வீட்டுக்கு அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: “காயை ஒதுக்கிவிட்டால் சாம்பார் வெறும் தண்ணீராகிவிடுமா, கண்ணு? எதில் கொதித்தது என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்? சரி, தெரியாமல் நடந்தது. போய் சாமியைக் கும்பிட்டுவிட்டு வா.” ஜப்பானைக் கண்ணால் பார்த்திராத என் அம்மாவுக்கு ஒரே மூச்சில் விளங்கியது, அங்கே இரண்டு வாரம் இருந்த எனக்கு விளங்கவில்லை.

கும்பிட எந்தச் சாமி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே விரிவுரை மண்டபத்துக்குள் போனேன். அரையிருட்டில் 21 சிலைகள். கூக்காய் வகுத்த, மண்டலம் என்னும் பௌத்தத் தெய்வ வரிசையில் அவை அமைந்திருக்கின்றன, பெரும்பாலானவை 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒரு கோடியில் அன்னங்கள் தாங்கிய தாமரைப் பீடத்தில் நான்கு முகத்தோடு ஒருவர். பொன்தென் என்று பெயர்ப்பலகை. நம் பிரம்மா. மறுகோடியில் யானை மீது அமர்ந்த தாய்ஷாகுதென், அதாவது இந்திரன். பௌத்தத்தோடு சீனம் வழியாக நடந்து வந்து இங்கே தங்கிவிட்டவர்கள். கூக்காய் சீனத்தின் சாங்ஆன் நகரில் இந்தியாவில் பயின்ற பிரக்ஞா என்ற துறவியிடம் சமஸ்கிருதம் கற்றவர் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அந்தக் குளிர்ந்த மண்டபத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றேன். படம் எடுக்க அனுமதி இல்லை, அது நல்லதாகவே போயிற்று. கியோட்டோவுக்குப் போகிறவர்கள் பொன் கோயிலையும் மூங்கில் காட்டையும் பட்டியலில் முதலில் எழுதுகிறார்கள். தமிழ் வாசகர் ஒருவருக்கு நான் முதலில் எழுதிக்கொடுப்பது தோஜியின் இந்த மண்டபத்தையும், கருணைத் தெய்வமான கண்ணோனின் 1,001 உருவங்கள் இருக்கும் சஞ்ஜூசங்கென்தோ கோயிலையும்தான். அங்கேயும் முன்வரிசையில் காவலாக நிற்கும் 28 தெய்வங்களில் நாம் அறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அன்றைய மதியம் இன்னொரு தவறு. ரயில் நிலையத்தை ஒட்டிய பேரங்காடியின் கீழ்த்தளத்தில் காய்கறிகள் மட்டுமே தெரிந்த ஒரு உணவுப்பெட்டியை 980 யென் கொடுத்து வாங்கினேன். ஆற்றங்கரைக்குப் போய்த் திறந்தால் கீரையின் மேல் அதே மீன்சீவல். பூசணியும் முள்ளங்கியும் தாஷியில் வெந்தவை. சாப்பிட முடியவில்லை. தூக்கிப் போடத் தொட்டியும் இல்லை. இரவு விடுதிக்குத் திரும்பும் வரை அந்தப் பெட்டியைப் பையில் சுமந்துகொண்டே திரிந்தேன். உணவை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவனுக்கு அந்தக் கனம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அன்று காலை 1,100 யென் கொடுத்து வாங்கிய ஒருநாள் பேருந்து, சுரங்க ரயில் டிக்கெட்டையும் சரியாகப் பயன்படுத்தவில்லை. கியோமிசு கோயிலை நோக்கிப் போன பேருந்து நெரிசலில் நகரவே இல்லை. இறங்கிக் காலி வயிற்றோடு மேட்டில் ஏறியபோது பாதி வழியில் தலை சுற்றியது. ஒரு பலகாரக் கடை வாசலில் உட்கார்ந்தேன். கடைக்காரர் தேநீரும், அரிசிமாவில் செய்து இலவங்கப்பட்டை தூவிய யாட்சுஹாஷி துண்டுகளும் கொடுத்தார். அரிசி, சர்க்கரை, பட்டை, உள்ளே பயற்றுப் பூரணம். நம் நாக்குக்கு உடனே பிடிபடும் இனிப்பு. நன்றிக்காக ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன். அன்றைய மதிய உணவு அதுதான். கோயில் வரை ஏறாமலே திரும்பிவிட்டேன்.

பெரிய இழப்பு அன்று இரவுதான். ஊரிலிருக்கும்போதே ஒரு கைசெக்கி விருந்துக்கு இணையத்தில் பதிவு செய்திருந்தேன். பருவத்துக்கு ஏற்பச் சிறு சிறு தட்டுகளாக வரிசையாக வரும் கியோட்டோவின் உயர்ந்த சமையல் அது. குறிப்பு எழுதும் இடத்தில் ‘வெஜிடேரியன்’ என்று ஒரே சொல்லைப் போட்டிருந்தேன். போய் உட்கார்ந்து, காலையில் கற்ற பாடத்தோடு தாஷியைப் பற்றிக் கேட்டேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து தலைதாழ்த்தி வருத்தம் சொன்னார்கள். அன்றைய தாஷி காலையிலேயே எடுத்தாகிவிட்டது, எல்லாத் தட்டும் அதை நம்பியே இருக்கிறது, இப்போது மாற்ற வழியில்லை. அந்தச் சொல்லை அவர்கள் காய்கறி விரும்பி என்ற பொருளில் எடுத்துக்கொண்டு, ஷோகோயின் டர்னிப் போன்ற உள்ளூர்க் காய்களை எனக்காகக் கூடுதலாக வாங்கி வைத்திருந்தார்கள். அதைக் கேட்டபோது மனம் மிகவும் கஷ்டப்பட்டது. அன்றே ரத்து செய்தால் முழுத் தொகையும் போய்விடும் என்பது விதி. 8,800 யென். அதாவது 4,800 ரூபாய்க்கு மேல். ஒரு குவளைத் தேநீர் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சமைக்கிறவருக்குக் குறைந்தது சில நாள் முன்பே, எது கூடாது என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதி, முடியும் என்ற பதில் வந்த பிறகே பணம் கட்ட வேண்டும். பதில் வராத இடத்தை விட்டுவிடுங்கள்.

விடுதிக்கு வந்து, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அந்த உணவுப்பெட்டியை எங்கே போடலாம் என்று கேட்டேன். முகத்தைப் பார்த்தே அவர் என்ன நடந்தது என்று விசாரித்தார். சொன்னேன். அவர் ஒரு அட்டையை எடுத்து நிறுத்தி நிதானமாக எழுதினார். முதல் வரியில் நான் உண்ணாதவை: இறைச்சி, மீன், சிப்பி வகை, அவற்றிலிருந்து எடுத்த சாறு, குறிப்பாகக் கட்சுவோ தாஷி. இரண்டாம் வரியில் நான் உண்பவை: சோறு, காய்கறி, டோஃபு, காளான், பால், சோயா சாஸ், கொம்பு தாஷி, ஷீட்டாக்கே காளான் தாஷி. அந்த இரண்டாம் வரி எதற்கு என்று கேட்டேன். வேண்டாதவற்றை மட்டும் சொன்னால் சமைக்கிறவர் பயந்து மறுத்துவிடுவார், என்ன தரலாம் என்று தெரிந்தால் யோசிப்பார் என்றார். இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிக உபயோகமான பயண யோசனை அது. அட்டை இல்லாதவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம்: “நிக்கு தோ சகானா வா தபேராரெமாசென். கட்சுவோ தாஷி மோ தபேராரெமாசென். கொம்பு தாஷி வா தைஜோபு தேசு.” இறைச்சியும் மீனும் உண்ண முடியாது, கட்சுவோ தாஷியும் முடியாது, கொம்பு தாஷி சரி. அவசரத்துக்கு இருபத்துநான்கு மணி நேரக் கடைகளில் வெறும் உப்பு போட்ட சோற்று உருண்டையும் வாழைப்பழமும் கிடைக்கும். மற்ற உருண்டைகளின் பொட்டலத்தைக் கைபேசி கேமராவில் மொழிபெயர்த்துப் படிக்காமல் வாயில் வைக்காதீர்கள், கொம்பு உருண்டையில்கூட மீன்சாரம் சேர்ப்பதுண்டு.

மூன்றாம் நாள் விடியும் முன்பே எழுந்தேன். கியோமிசு கோயில் காலை ஆறு மணிக்கே திறக்கிறது என்பதும் அந்தப் பெண் சொன்னதுதான். முந்தின நாள் நகர முடியாமல் இருந்த அதே சரிவில் ஆள் நடமாட்டமே இல்லை. மலைச்சரிவில் 13 மீட்டர் உயரத்துக்குத் தூண்களை நிறுத்தி, ஆணி அடிக்காமல் கோத்து எழுப்பிய மரமேடை, 1633இல் மீண்டும் கட்டப்பட்டது. கீழே பாதி சிவந்தும் பாதி பச்சையாகவும் மேப்பிள் மரங்கள், தூரத்தில் பனிக்குள் நகரம். பலகையில் என் காலடி ஓசையே எனக்குக் கேட்டது. எட்டரை மணிக்கு நான் இறங்கும்போது பேருந்துகள் மக்களைக் கொட்டத் தொடங்கியிருந்தன. கியோட்டோவில் நேரத்தை இப்படித்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் திறக்கும் இடங்களையும், ஃபுஷிமி இனாரி கோயில்போல் இரவு பகல் மூடாத இடங்களையும் அதிகாலைக்கு ஒதுக்குங்கள். ஒன்பது மணிக்குத் திறக்கும் பொன் கோயில் போன்றவற்றுக்குத் திறக்கும் நேரத்திலேயே வாசலில் நில்லுங்கள். முடிந்த வரை ரயிலிலும் சுரங்க ரயிலிலும் போய், மீதியை நடந்துவிடுங்கள். கெய்ஷா கலைஞர்கள் வாழும் ஜியோன் பகுதியில் நடக்கும்போது தனியார் சந்துகளுக்குள் நுழையாதீர்கள். பத்தாயிரம் யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், அதற்காக மட்டும் சொல்லவில்லை, அங்கே வேலைக்குப் போகும் பெண்களைத் துரத்திப் படம் எடுத்தவர்களால்தான் அந்தப் பலகையே வந்தது.

மலையடிவாரத்தை ஒட்டியே நடந்து நான்ஜென் கோயிலுக்குப் போனேன். அந்தப் பகுதியின் சிறப்பு யூடோஃபு. மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, ஒரு துண்டு கொம்பு போட்டு, வெண்ணிற டோஃபுவை மெல்லச் சூடாக்கித் தருவது. வேறு ஒன்றுமில்லை. சட்டிக்குள் மீன் இல்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள், தொட்டுக்கொள்ளும் சாற்றில்தான் கட்சுவோ ஒளிந்திருக்கும். அட்டையை நீட்டினேன். பரிமாறிய பெண்மணி இரண்டு முறை படித்தார். உள்ளே போனவர், வெறும் சோயா சாஸும் துருவிய இஞ்சியும் ஒரு எலுமிச்சை வகைப் பழத்தின் தோலும் கொண்டுவந்து வைத்தார். கூடவே பாலாடைபோல் சோயாப்பாலின் மேல் படியும் யுபா. மூவாயிரம் யென்னுக்கு மேல் ஆனது. டோஃபுவுக்கு இவ்வளவா என்று முதலில் தோன்றியது. வாயில் வைத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. கியோட்டோவின் நிலத்தடி நீர் மென்னீர். டோஃபுவும் கொம்புச் சாறும் அங்கே இவ்வளவு நன்றாக அமைவதற்கு அந்தத் தண்ணீரைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். கடல் எட்டத்தில் இருந்த தலைநகரம் என்பதால் வடக்கே ஹொக்கைடோ தீவின் கொம்பு கப்பலிலும் தரைவழியிலும் வந்தது, மீன் உப்பிட்டும் காய்ந்தும்தான் வந்தது. காயையும் பயற்றையும் நுட்பமாகச் சமைக்கும் கலை அந்த ஊரில் வளர்ந்ததற்கு இதுவும் கோயில்களும் சேர்ந்தே காரணம். இத்தனையும் இருந்த ஊரில் நான் இரண்டு நாள் பட்டினி கிடந்திருக்கிறேன்.

கடைசி நாள், சனிக்கிழமை, அங்கே உழைப்புக்கு நன்றி சொல்லும் தேசிய விடுமுறை. அரஷியாமாவுக்குக் காலை ஏழு மணிக்கே போனதால் மூங்கில் காட்டில் காற்றின் ஓசையைக் கேட்க முடிந்தது. பத்து மணிக்கு அதே பாதையில் தோளோடு தோள் உரசியது. 1339இல் நிறுவப்பட்ட தென்ரியூ கோயிலின் தோட்டத்தில், முசோ சோசெக்கி என்னும் துறவி அமைத்த குளத்தின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருக்கும் மலையையும் தோட்டத்தின் பகுதியாகவே காட்டும் அமைப்பு அது. பொன் கோயிலைப் பார்க்கவில்லை, அதில் எனக்கு வருத்தமில்லை. எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் பதினைந்து கற்களில் ஒன்று மறையும் ரியோவான் கோயில் கல்தோட்டத்தைப் பார்க்காமல் வந்ததுதான் இன்றும் உறுத்துகிறது. வீணான அந்த இரண்டு நாளில் அதற்கு இடம் இருந்தது.

தென்ரியூ கோயில் வளாகத்திலேயே ஷோஜின் ரியோரி பரிமாறுகிறார்கள். ஜென் துறவிகளின் சமையல். இறைச்சி, மீன் கிடையாது, பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. சாறு கொம்பிலும் காளானிலும் மட்டும் எடுத்தது. விலை குறைந்ததல்ல, தோட்டத்துக்கான 500 யென் கட்டணம் தனி. மதிய நேரத்தில் மட்டுமே என்பதால் அன்றைய நாளையே அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு விரிப்பில் வரிசையாக உட்கார்ந்தோம், ஒவ்வொருவர் முன்னாலும் சிவப்பு அரக்குத் தட்டு. எள்ளை அரைத்துக் கட்டியாக்கிய எள் டோஃபு, கோதுமைப் பசையில் செய்த ஃபூ, வேகவைத்த காய்கள், ஊறுகாய், சோறு, ஒரு கிண்ணம் சூப். பழக்கத்தில் அட்டையை எடுத்து நீட்டினேன். பரிமாறியவர் படித்துவிட்டுச் சிரித்து, அதை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். “கொம்பு, ஷீட்டாக்கே” என்று சூப்பைக் காட்டிச் சொன்னார். கிண்ணத்தின் மூடியைத் திறந்தேன். காட்டு மண்ணின் மணம் வந்தது. முதல் இரவு குடித்ததுபோலவே கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். இந்த முறை அது எதில் கொதித்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது.